துவண்டுபோன பீஸ் லில்லியும் மருதமலை ரோட்டு நர்சரியும்

கோவையில் வடவள்ளியைத் தாண்டி மருதமலைக்குப் போகும் வழியில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்ன நர்சரி இருக்கிறது. வீட்டுக்குள் வளர்க்கும் செடி நோய்ப்பட்டால் தொட்டியோடு கொண்டுபோகலாம். பார்த்து மாற்றி நட்டுத் தருகிறார்கள். இங்கே நான் சொல்ல வந்தது அந்த வேலையைப் பற்றி. செடிகளின் விலை மற்ற இடங்களைப் போலத்தான்.

நான் எடுத்துப்போனது ஒரு பீஸ் லில்லி. மாற்றலாகி ஓசூருக்குப் போன தோழி கொடுத்துவிட்டுப் போனது. இலையெல்லாம் துவண்டு தொட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்தது, அடி இலைகள் மஞ்சள், நுனிகளில் கருகல். மண் மட்டும் எப்போதும் ஈரமாகவே இருந்தது. முதலில் வேறொரு கடையில் காட்டினேன். செடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பூஞ்சைக்கொல்லி, டானிக், உரம் என்று மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார்கள். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

மருதமலை ரோட்டு நர்சரியை நடத்தும் அம்மா பேச்சை ஆரம்பிக்கும் முன்பே தொட்டியைக் கவிழ்த்து, செடியை மண்ணோடு வெளியே எடுத்துவிட்டார். “இது தண்ணி பத்தாம வாடலை கண்ணு. தண்ணி குடிக்கறதுக்கு வேரே இல்லை, பாரு” என்று ஒரு வேரை இழுத்தார். மேல்தோல் கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றது. அழுகிய வேர் அப்படித்தான் இருக்குமாம். நல்ல வேர் வெளுப்பாக, கிள்ளினால் கெட்டியாக இருக்கும்.

காரணமும் உள்ளேயே இருந்தது. நடுவில் பிசின் போன்ற களிமண் உருண்டை. ஆந்திராவின் கடியம் பக்கத்து நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் செடிகள் பல இப்படிக் களிமண்ணோடுதான் வரும். வழியில் காயாமல் இருக்க அது உதவும். ஆனால் வீட்டு நிழலில், தொட்டிக்குள் அப்படியே வைத்தால் காற்றுப் போகாமல் வேர் மூச்சுமுட்டி அழுகும். அந்த அம்மா உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்தார். அவசரப்படவே இல்லை. நான் இந்த இடத்தை நம்பியது அப்போதுதான்.

அழுகியதை வெட்டிவிட்டு, இருந்த பூங்காம்புகளையும் பாதி இலைகளையும் நறுக்கினார். மிஞ்சிய கொஞ்ச வேர் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது என்றார். பெரிய தொட்டி வேண்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் கண்ணு, இருந்ததைவிடச் சின்னது போதும்” என்றார். சரிதான், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கித் தங்கி மறுபடி அழுகல் வரும். கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), கருக்கிய உமி, மண்புழு உரம், கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி தூள், இவ்வளவுதான் கலவை. டிரைக்கோடெர்மா நன்மை செய்யும் பூஞ்சை. அதைப் போட்ட கையோடு ரசாயனப் பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் அதுவும் செத்துவிடும்.

நுனிக் கருகலுக்குக் காரணம் எங்கள் அடுக்ககத்து போர்வெல் தண்ணீர்தான் என்றார். உப்புத் தண்ணி வேண்டாம், சிறுவாணிக் குடிதண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்று. தொட்டியைத் தூக்கிப் பார்த்து லேசாக இருந்தால் மட்டும் ஊற்று. புது இலை வரும்வரை உரம் கிட்டவே போகக்கூடாது. ஜன்னலோர வெளிச்சம் போதும், நேர் வெயில் ஆகாது. இதற்குமேல் ஒன்றும் விற்கவில்லை. தொட்டி, கலவை, கூலி எல்லாம் சேர்த்து 200 ரூபாய்கூட ஆகவில்லை.

முதல் சில வாரங்கள் செடி அசையவே இல்லை, இன்னும் இரண்டு இலைகள் போயின. அப்புறம் நடுவிலிருந்து சுருட்டிய புது இலை ஒன்று நிமிர்ந்து வந்தது. இப்போது வரிசையாக வருகிறது. பூ இன்னும் இல்லை. வேர் தேறும்வரை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

குறைகளும் உண்டு. வெட்டும் பிளேடை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டால் துடைப்பதில்லை, கேட்டால்தான் துடைக்கிறார்கள். ஒரு செடியின் நோய் இன்னொன்றுக்குப் போக அதுவே போதும் என்பதால் இதை அவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும். மண்தொட்டி வைத்திருப்பதில்லை, வேண்டுமென்றால் நாமே கொண்டுபோக வேண்டும். பீஸ் லில்லி சேப்பங்கிழங்குக் குடும்பம், இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும் என்பதைக் குழந்தைகளோடு வருகிறவர்களிடமாவது சொல்லியிருக்கலாம், எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கூட்டம் இங்கேயும் நின்றுவிட்டுப் போகும். வேரை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வாரநாள் காலையில் போங்கள். செடியைத் தொட்டியோடு கொண்டுபோங்கள், போட்டோவைக் காட்டினால் அந்த அம்மா எதுவும் சொல்ல மாட்டார்.