பெங்களூரில் கடையைவிட மணிதான் முக்கியம்

பெங்களூருக்கு வேலை மாறி வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கடை நல்லா இருக்கும்?" அல்சூரில் குடித்தனம் வைத்துப் பல வருடமாக இந்த ஊர் பேக்கரியிலும் தர்ஷினி என்கிற நின்றபடி சாப்பிடும் ஹோட்டலிலும் மாறி மாறிச் சாப்பிட்டு, மிச்ச வேளைக்கு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறவள் நான். கடைப் பெயரோடு நேரத்தையும் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். ஒரே பேக்கரியின் கார பன் சாயங்காலம் நாலரை மணிக்குச் சாப்பிட்டால் அமிர்தம். ராத்திரி ஒன்பது மணிக்கு அதே பன்னை வாங்கினால் தண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டும்.

பேக்கரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அங்கேதான் என் காசு அதிகம் போயிருக்கிறது. இங்கே தெருவுக்கு ஒரு ஐயங்கார் பேக்கரி உண்டு. போர்டைப் பார்த்து ஶ்ரீரங்கத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாசன் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் பிடித்து வளர்த்த தொழில் இது. சிக்பேட்டையில் 1898இல் திருமலாச்சார் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரிதான் இந்த வரிசையில் முதல் கடை என்பார்கள். முட்டை சேர்க்காமல் பிரெட்டும் பிஸ்கட்டும் போட்டதால், பேக்கரிப் பக்கமே எட்டிப் பார்க்காத சைவக் குடும்பங்களும் உள்ளே வந்தன. இன்றைக்கு அதே பெயரைப் போட்டுக்கொண்டு முட்டை பப்ஸ் விற்கிற கடைகளும் நிறைய. சுத்த சைவம் பார்க்கிறவர்கள் போர்டை நம்பாமல் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் நான் விரும்பிச் சாப்பிடுவது மசாலா டோஸ்ட். கல்லாவை ஒட்டி ஒரு பெரிய இரும்புக் கல், வருடக்கணக்காக எண்ணெய் குடித்துக் கன்னங்கரேல் என்றிருக்கும். தடிமனாக வெட்டிய பிரெட்டில் வெண்ணெய் தடவிக் கடைக்காரர் கல்லில் போடுவார். ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பி, சிவந்த முகத்தின்மேல் மசாலாவை வழித்துப் பரப்புவார். வெங்காயம், கேரட் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் மஞ்சள். வெங்காயம் முக்கால் வேக்காட்டில்தான் இருக்கும். அடிப்பக்கம் மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டு, தோசைத் திருப்பியாலேயே குறுக்கே ஒரு வெட்டு வெட்டி, பேப்பர் துண்டில் வைத்து நீட்டுவார். மேலே இன்னொரு பிரெட் வைத்து மூடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. அங்கேயே நின்று சாப்பிட்டுவிட வேண்டும். பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆவி கட்டிச் சொதசொதவென்று ஆகிவிடும். ஆன்லைனில் ஆர்டர் போட்டு வரவழைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

கார பன் மதியத்துக்கு மேல் ஒரு ஈடு வரும். "பிசி இதெயா?" (சூடா இருக்கா?) என்று கன்னடத்தில் கேட்டால் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். சூடு இல்லை என்று சொன்னால் நான் வெண்ணெய் பிஸ்கட்டுக்குத் தாவிவிடுவேன், அதற்கு நேரம் காலம் கிடையாது. நாக்கில் வைத்ததும் மணலாக உதிர வேண்டும். பல் வைத்துக் கடிக்க வேண்டியிருந்தால் அந்தக் கடையில் வெண்ணெய் பெயரளவுக்குத்தான். காங்கிரஸ் கடலையும் அப்படித்தான், வாங்கி டப்பாவில் போட்டுவைத்தால் ஒரு வாரம் தாங்கும். தோல் நீக்கி இரண்டாக உடைத்து வறுத்த வேர்க்கடலையில் மிளகாய்த்தூள், மிளகு, பெருங்காயம், கறிவேப்பிலை. மழை நாளில் என் வீட்டுக்காரர் கையில் அந்த டப்பா சிக்கினால் அடுத்த நாளுக்கு மிஞ்சாது.

தில்பசந்த் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. தேங்காய்ப் பூரணமும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்து வட்டமாகச் சுட்டு, முக்கோணமாக வெட்டித் தருவது. பிள்ளைகளுக்கு உயிர். எனக்குத் திகட்டல். என் மாமியார் ஒரு தரம் வாயில் போட்டுவிட்டு, "நம்ம ஊர் தேங்கா போளிக்கு இது கால் தூசுக்கு வருமாம்மா?" என்றார். "இல்லத்தை" என்றுதான் நானும் சொன்னேன், மனதாரவே.

குறையும் சொல்ல வேண்டும். கிரீம் வைத்த எதையும் தெருமுனை பேக்கரியில் வாங்குவதை நான் விட்டுவிட்டேன். கரண்ட் போய்ப் போய் வருகிற கோடை நாளில் ஒரு கடையில் வாங்கின பேஸ்ட்ரி புளித்துப்போயிருந்தது. கொண்டுபோய்க் காட்டினால், "காலையிலதான் வந்துச்சு மேடம்" என்று ஒரே சாதிப்பு. பன், பிஸ்கட், ரஸ்க் என்று அடுப்பிலிருந்து நேராக வருவதோடு நிறுத்திக்கொண்டால் வம்பில்லை.

கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். 2025 ஜூலையில் யுபிஐ வரவுக் கணக்கை வைத்துக் கர்நாடக வணிக வரித்துறை சின்னக் கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பல பேக்கரிகளிலும் டீக்கடைகளிலும் கியூஆர் அட்டை காணாமல் போய், 'கேஷ் மட்டும்' என்று காகிதம் தொங்கியது. பிறகு நிலைமை தணிந்தது. ஆனாலும் இருபது ரூபாய்க்கு ஃபோனை நீட்டினால் முகம் சுளிக்கிற கல்லாக்காரர்கள் இன்னும் உண்டு.

கன்டோன்மென்ட் பக்கத்துப் பேக்கரிகள் வேறு ஜாதி. ஃப்ரேசர் டவுன் மசூதி ரோட்டில் 1902இலிருந்து இருக்கிற ஆல்பர்ட் பேக்கரி மதியத்துக்கு மேல்தான் திறக்கும். பால்கோவா வைத்த நானுக்கும் மட்டன் பப்ஸுக்கும் அங்கே போகலாம். ரம்ஜான் மாதத்தில் அந்தத் தெருவில் நடக்க இடம் இருக்காது, அதற்கேற்ற மாதிரி கிளம்புங்கள்.

அடுத்தது தர்ஷினி. உட்கார நாற்காலி கிடையாது, டோக்கன் வாங்கி நீட்ட வேண்டும், இடுப்பு உயர மேஜையில் தட்டை வைத்து நின்றபடி சாப்பிட்டுவிட்டு நகர வேண்டும். 1983இல் ஜெயநகரில் திறந்த கஃபே தர்ஷினியிலிருந்து இந்த முறை ஊர் முழுக்கப் பரவியது. சர்வர், மேஜை, நாற்காலி என்ற செலவெல்லாம் இல்லாததால் விலை கட்டுப்படுகிறது. அதைவிட முக்கியம், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இட்லிப் பானை ஆறுவதே இல்லை. காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் போனால் கூட்டம் நெரியும், ஆனால் தட்டில் விழுவதெல்லாம் அப்போது இறக்கியது. பத்தரைக்குப் போனால் தாராளமாக நிற்கலாம், வடை மட்டும் ஆறிப்போய் எண்ணெய் கக்கும்.

"சாம்பார் டிப்பா, தனியாவா?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டு நாக்கு உள்ளவர்கள் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இங்கத்திய சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருக்கும், பழகும்வரை பாயசத்தில் இட்லியை முக்கியது போல இருக்கும். நான் பழகவே இல்லை. சட்னி வாங்கியே காலத்தை ஓட்டுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஏற்ற கடை சங்கரபுரத்து பிராமின்ஸ் காபி பார். 1965இல் ஆரம்பித்த கடை. அங்கே சாம்பாரே கிடையாது. இட்லி, வடை, காரா பாத் (ரவை உப்புமா), கேசரி பாத் (ரவா கேசரி), எல்லாவற்றுக்கும் ஒரே தேங்காய்ச் சட்னி, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அல்சூரில் மெட்ரோ பர்ப்பிள் லைன் ஏறி மெஜஸ்டிக்கில் கிரீன் லைன் மாறினால் நேஷனல் காலேஜ் ஸ்டேஷன், அங்கிருந்து பொடிநடை. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேண்டாம்.

காந்தி பஜார் வித்யார்த்தி பவனையும் (1943) எல்லோரும் சொல்வார்கள். தோசை நன்றாகத்தான் இருக்கும், மறுப்பதற்கில்லை. வெளியே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் நான் மாவே அரைத்துவிடுவேன்.

காபி எப்போதும் பை டூ சொல்லுங்கள். ஒரு காபியை இரண்டு தம்ளரில் ஊற்றித் தருவார்கள், யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். நந்தினி பால் 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியதிலிருந்து தம்ளர் இன்னும் சுருங்கினாற்போல எனக்கு ஒரு சந்தேகம். முழங்கால் வலிக்காரர்களைத் தர்ஷினிக்குக் கூட்டிப்போகாதீர்கள். என் மாமியார் ஒரு இட்லியோடு "போதும், வீட்டுக்குப் போலாம்" என்றுவிட்டார்.

அப்படி வீட்டுக்கு வந்தால் என்ன சமையல்? வெளியே இவ்வளவு மைதாவும் வெண்ணெயும் போவதால் ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில் ரொம்பச் சுருக்கம். மிளகு ரசம், ஒரு பொரியல், மோர். பொரியலுக்கு ஹாப்காம்ஸ் என்கிற கூட்டுறவுக் காய்கறிக் கடையில் பீன்ஸும் நூல்கோலும் நன்றாக இருக்கும். இந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்ட சௌசௌவைப் பருப்பு போட்டுக் கூட்டாக வைப்பேன். வாரத்தில் ஒரு நாள் களி. கிருஷ்ணகிரிக்காரரான மாமியாருக்கு இங்கே ராகி மாவு தாராளமாகக் கிடைப்பதில் பெரிய சந்தோஷம். இந்த ஊர் ராகி உருண்டையான முத்தைக்கும் களிக்கும் என்ன வித்தியாசம் என்று பக்கத்து வீட்டுக் கன்னட அக்காவோடு சண்டை போடாத குறையாகப் பேசுவார்.

நேற்று வாங்கிய பேக்கரி பிரெட் காய்ந்திருந்தால் எறிய மாட்டேன். கடுகு, உளுந்து தாளித்து வெங்காயம், தக்காளி வதக்கி, தண்ணீர் தெளித்த பிரெட்டைப் பிய்த்துப் போட்டுப் பிரட்டினால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட டப்பா ரெடி. புது பிரெட்டில் இது குழைந்துவிடும், ஒரு நாள் பழசுதான் சரி.

டிசம்பர் பிறந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விடும், அவரைக்காய் வந்துவிடும். பனியில் விளைந்த காயில் ஒரு பிசுபிசுப்பும் வாசனையும் இருக்கும், அது இருந்தால்தான் நல்ல காய். உரித்த பருப்பை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு பிதுக்கு, பருப்பு தோலிலிருந்து துள்ளி விழும். சின்னவன் அதைத் துப்பாக்கி மாதிரி அக்கா மேல் குறிவைப்பான். தேங்காய், தனியா, சோம்பு அரைத்துவிட்ட பிதுக்குப் பருப்புக் குழம்பும் களியும் இருந்தால் அன்றைக்கு எந்த பேக்கரியும் எங்கள் கண்ணில் படாது. பிதுக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சந்தையில் பிதுக்கியதே கிடைக்கும், விலை கூடுதல், வாங்கின அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

விவி புரம் சஜ்ஜன் ராவ் சர்க்கிள் பக்கம் வருடா வருடம் ஜனவரி வாக்கில் அவரைப் பருப்பு மேளா போடுவார்கள், சில வருடம் நேஷனல் காலேஜ் மைதானத்திலும் நடந்தது. அவரை தோசையிலிருந்து அவரை ஜிலேபிவரை இருக்கும். ஜிலேபியை ஒரு துண்டு வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டால் போதும். தோசைக்கு வார நாளில் ஐந்து மணிக்கே போய் நில்லுங்கள், ஆபீஸ் விட்டு ஜனம் வருவதற்குள் கல் ஓரம் இடம் பிடித்துவிடலாம்.