மோக்சா குச்சி வாங்கும் முன்: விகிதத்தை விடுங்கள், சாம்பலைப் பாருங்கள்

அக்குபஞ்சர் புள்ளிகளில் சூடு காட்டுவதற்காகக் கொளுத்தும் மோக்சா குச்சிகள் இப்போது மூன்று வகையாக விற்பனைக்கு வருகின்றன. மூலிகைப் பஞ்சை மட்டும் காகிதத்தில் சுருட்டியது ஒன்று. பஞ்சோடு மருந்துப் பொடிகள் கலந்தது இன்னொன்று. பஞ்சைக் கரியாக்கி அழுத்திச் செய்த 'புகையில்லா' குச்சி மூன்றாவது. சிகிச்சைக்கூடத்துக்கும் சரி, வீட்டுக்கும் சரி, முதல் வகைதான் எடுபடும். அதிலும் குறைந்த விகிதப் பஞ்சில் (எத்தனை கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ பஞ்சு என்பதே விகிதம்) இறுக்கமாகச் சுருட்டியதே போதும். கூடுதல் பணம் கொடுத்து உயர் விகிதப் 'பொன்னிறப் பஞ்சு' குச்சி வாங்க வேண்டியதில்லை. புகையில்லா குச்சி வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும். மருந்து கலந்த குச்சியை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

மோக்சாவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்குபஞ்சரில் ஊசி போடும் அதே புள்ளிகளில் சூடு காட்டுவதுதான் இது. வெந்நீர்ப் பை வைத்தால் இதமாகிற வயிற்று வலி, சில்லிட்ட கைகால், குளிரில் கூடும் மூட்டு வலி போன்றவற்றைச் சீன மருத்துவம் குளிர்ச்சியின் கணக்கில் சேர்க்கும். அவற்றுக்கு ஊசியைவிடக் குச்சியையே முதலில் எடுப்பார்கள். காய்ச்சல், நாவறட்சி, உள்ளங்கை எரிச்சல் என்று சூட்டின் குறிகள் தெரிந்தால் குச்சியைத் தொடமாட்டார்கள்.

மூலப்பொருள் ஆர்ட்டிமீசியா ஆர்கி என்ற செடி. நமக்குத் தெரிந்த மாசிபத்திரியின் இனம். இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரிவது மெல்லிய மயிர்ப் பரப்பால். காய்ந்த இலையை இடித்துச் சலித்துக் காம்பையும் தூளையும் நீக்கினால், அந்த மயிர் பஞ்சாகத் திரண்டு நிற்கும். இலையைப் பறித்ததும் இடிப்பதில்லை, பழக விடுவார்கள். மூன்று வருடம் பழகிய இலை உயர்ந்தது என்பது சீனாவில் மிகப் பழைய கருத்து; அதற்குக் காரணமும் உண்டு. புது இலையில் எளிதில் ஆவியாகும் எண்ணெய் மிகுந்திருப்பதால் தீ வேகமாகப் பாயும், சூடு சுரீரென்று குத்தும். பழகப் பழக எண்ணெய் குறைந்து சூடு நிதானமாகும். ஹூபே மாகாணத்தில், புகழ்பெற்ற சீன மூலிகை மருத்துவர் லி ஷிசென் (1518–1593) பிறந்த சீச்சுன் பகுதி இலைக்குத் தனி மதிப்பு. ஆனால் பெட்டியில் அந்த ஊர்ப் பெயர் இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

இனி, முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 5:1, 15:1, 35:1. ஐந்து கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ பஞ்சு எடுத்தால் 5:1. விகிதம் ஏற ஏறத் தூள் போய் மயிர் மட்டும் மிஞ்சும். பஞ்சு மிருதுவாகி வெளிர் மஞ்சளாகும். அதனால் 35:1 என்பது ஏழு மடங்கு நல்ல குச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். இது தவறு. தூய மயிர்ப் பஞ்சு விரைவாக எரியும், சூடும் மென்மை. அரிசி மணி அளவுக்கு உருட்டித் தோலின் மேலேயே வைத்துக் கொளுத்தும் முறைக்கு அது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அங்கே தோலுக்கும் நெருப்புக்கும் இடைவெளியே இல்லை. குச்சியோ 2–3 செ.மீ. தள்ளி நின்று வேலை செய்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டி உள்ளே இறங்கும் கனமான சூட்டைக் கொஞ்சம் இலைத்தூள் கலந்த 5:1 முதல் 10:1 வரையிலான பஞ்சுதான் தருகிறது. தவிர, அச்சிட்ட விகிதம் உண்மையா என்று வாங்குபவரால் சோதிக்கவே முடியாது. சோதிக்கக் கூடியவை வேறு.

முதலில் கைச் சோதனை. பாடநூல் கணக்கு: 26 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலக் காகிதத்தில் 24 கிராம் பஞ்சைப் பரப்பி, 1.5 செ.மீ. தடிமனுக்குச் சுருட்ட வேண்டும். தொழிற்சாலைக் குச்சிகள் பொதுவாக 1.8 செ.மீ. தடிமன், 20 செ.மீ. நீளம், பெட்டிக்கு 10. நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். லேசாக அமுங்கி மீள வேண்டும். ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பொந்தாகவும் இருந்தால் தீ ஒரு பக்கமாகவே ஓடும். பொந்து வரும்போது கங்கு மொத்தமாகக் கழன்று விழும். தோல் வெந்துபோகும் சம்பவங்களில் இப்படிக் கழன்ற கங்குக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு ஒரு குச்சியைக் குறுக்கே வெட்டிப் பஞ்சை விரலில் உருட்டுங்கள். பந்தாகச் சேர வேண்டும். பொடிந்து உதிர்ந்தால் அது பஞ்சே அல்ல, இலைத்தூள். விரலில் முள்ளாக நெருடினால் காம்பு கலந்திருக்கிறது. பச்சை நிறமும் பச்சிலை நெடியும் இருந்தால் பழகாத இலை. பழகியது மஞ்சள் கலந்த பழுப்பாக, மணம் அடங்கி இருக்கும்.

அடுத்தது நெருப்புச் சோதனை. ஒரு தட்டின் மேல் ஐந்து நிமிடம் எரியவிட்டுக் கவனியுங்கள். நல்ல குச்சியின் சாம்பல் சாம்பல்கலந்த வெள்ளையாக, குச்சியின் வடிவத்திலேயே ஒரு செ.மீ. வரை நிற்கும். மட்டமான குச்சியில் சாம்பல் கறுத்துச் செதிலாக உதிரும், காம்பு இருந்தால் பட் பட்டென்று பொறி தெறிக்கும். கங்கின் முகம் வட்டமாக, சற்றுக் கூம்பி, எல்லாப் பக்கமும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். பத்துக் குச்சிப் பெட்டியில் ஒன்றை இப்படிச் செலவழிப்பது வீண் இல்லை.

பற்றவைப்பதில் அவசரம் கூடாது. மெழுகுவர்த்திச் சுடரின் மேல் நுனியைச் சுழற்றிக்கொண்டே காட்டி, முகம் முழுதும் சிவந்த பிறகு ஊதிப் பாருங்கள்; கறுப்புத் திட்டு தெரிந்தால் மீண்டும் காட்டுங்கள். பாதி பற்றிய குச்சி பாதிச் சூடுதான் தரும், அதைச் சரிக்கட்டத் தோலருகே கொண்டு போவோம், அங்கேதான் சுடும்.

குச்சியைத் தோலுக்கு 2–3 செ.மீ. தள்ளி ஒரே இடத்தில் பிடிப்பது ஒரு முறை. ஒரு புள்ளிக்கு 10–15 நிமிடம், தோல் மெல்லச் சிவக்கும் வரை. சூடு இதமாக உறைக்க வேண்டும், எரியக் கூடாது. குருவி கொத்துவது போல மேலும் கீழும் அசைப்பது இரண்டாவது முறை. சூடு சற்றுத் தூக்கலாக வேண்டும்போது. முழங்கால், இடுப்பு போன்ற அகன்ற இடங்களில் வட்டமிடுவது மூன்றாவது. பழகிக்கொள்ள ஏற்ற புள்ளி காலில் உள்ள சுசன்லி: முழங்கால் சிப்பிக்குக் கீழே வெளிப்புறக் குழியிலிருந்து நோயாளியின் நான்கு விரல் அகலம் இறங்கி, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே.

ஒரு பழக்கத்தை எல்லாரும் கைக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். குழந்தைகளுக்கும் உணர்வு மங்கியவர்களுக்கும் காட்டும்போது, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் புள்ளிக்கு இருபுறமும் தோலில் பதித்துக்கொள்ளுங்கள். சூடு அவர்களுக்கு உறைக்காவிட்டாலும் உங்கள் விரலுக்கு உறைக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் தாங்களாகவே காலில் குச்சி காட்டிக்கொள்ளக் கூடாது. 44 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு நீடித்தாலே தோல் கெடத் தொடங்கும். அது அவர்களுக்குத் தெரியாது.

சாம்பலைத் தட்டி உதிர்க்காதீர்கள். நோயாளியின் உடலை விட்டுக் கையை முழுதாக விலக்கி, கிண்ணத்தின் விளிம்பில் குச்சியை உருட்டித் தேய்த்தால் சாம்பல் மட்டும் போகும், கங்கு நிற்கும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். சாம்பல் தடித்தால் சூடு குறைந்தது போலத் தோன்றும். நீறு பூத்த நெருப்பு என்பதை மறந்து அருகே கொண்டு போகும் நேரத்தில்தான் அது விழும். அப்படிச் சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், ஐஸ் வைக்க வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

புகையில்லா குச்சிக்கு வருவோம். அளவில் சிறியது, ஏறக்குறைய 12 செ.மீ. நீளம், 1.4 செ.மீ. தடிமன், பெட்டிக்கு 5. பற்றவைப்பதே பெரும்பாடு, மெழுகுவர்த்தி போதாது, அடுப்புச் சுடரோ ஊதுசுடர் லைட்டரோ வேண்டும், அதிலும் சில நிமிடம் ஆகும். பற்றிய பிறகு சூடு கடுமையாக, சட்டென்று ஏறும். அதனால் சாதாரணக் குச்சிக்குப் பழகிய கை இன்னும் ஒன்றிரண்டு செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும். சாம்பல் மெதுவாக உதிராமல் செதிலாகப் பிளந்து, சில நேரம் சிவப்பாகவே விழும். கீழே தட்டினால் ஒடியும். புகை இல்லை என்பது பெருமளவு உண்மை, ஆனால் எரிவது கரி. கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலை மூடிக்கொண்டு இதைப் பயன்படுத்தலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவி உள்ள கட்டடம், புகை நெடி தாங்காத நோயாளி என்றால் இதை எடுக்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு இரண்டு குச்சியுமே வேண்டாம்.

சாதாரணக் குச்சியின் பெரிய குறையும் இந்தப் புகைதான், அதை மூடி மறைக்க விரும்பவில்லை. மூலிகைப் புகை என்பதால் நுரையீரல் சலுகை காட்டாது. எரியும் எந்த இலையையும் போல இதிலும் நுண்துகள்கள் உண்டு. ஒரு நாள் வந்து போகும் நோயாளியைவிட நாள் முழுவதும் அறையில் நிற்கும் சிகிச்சையாளருக்குத்தான் பாதிப்பு அதிகம். மின்விசிறி புகையைச் சுற்றிவிடும், வெளியேற்றாது. படுக்கையருகே புகைபோக்கி விசிறியும் எதிர்ப்பக்கம் திறந்த ஜன்னலும் வேண்டும்.

மருந்து கலந்த குச்சிகளில் வழக்கமாகப் பட்டை, சுக்கு, கிராம்பு, வெள்ளைப்போளம், குந்திரிக்கம் போன்றவற்றின் பொடி குச்சிக்கு 6 கிராம் அளவில் சேர்ப்பார்கள். இவற்றோடு நிற்பதில்லை. பழைய கலவைகளில் சியுங்ஹுவாங் என்ற கனிமமும் உண்டு; அது ஆர்சனிக் சல்பைடு. காற்றில் எரிந்தால் ஆர்சனிக் ஆக்சைடு புகையாகக் கிளம்பும். சூடு தரும் சாதனத்தில் இந்த அபாயத்துக்கு எந்த அவசியமும் இல்லை. சேர்மானப் பட்டியல் அச்சிடாத குச்சியை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

பெட்டியின் பின்புறம் இருக்கும் நோய்ப் பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோக்சா ஆய்வுகளில் மிகவும் பேசப்படுவது 1998இல் வெளியானது. 33 வாரத்தில் கருவின் தலை மேலே இருந்த 260 சீனக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி மூலையில் உள்ள புள்ளியில் குச்சி காட்டினார்கள். 35ஆம் வாரத்தில் அந்த 130 பேரில் 98 பேருக்குக் குழந்தை தலைகீழாகத் திரும்பியிருந்தது. காட்டாத 130 பேரில் 62 பேருக்கு. அதே முறையை இத்தாலியில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பலன் தெரியவில்லை. நன்றாக ஆராய்ந்த ஒன்றிலேயே நிலைமை இப்படி என்றால், புற்றுநோய் முதல் மலட்டுத்தன்மை வரை குணமாகும் என்று அச்சிடும் நிறுவனத்தின் மற்ற வாசகங்களை எப்படி நம்புவது? கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் புள்ளியிலும் வைக்க வேண்டாம். வயிற்றிலும் அடி இடுப்பிலும் அறவே கூடாது.

குச்சியோடு சேர்த்து விற்கும் துணைக்கருவிகளில் கம்பி வலை போட்ட மூங்கில் பெட்டி வயிற்றுக்கும் முதுகுக்கும் பயன்படும், ஆனால் வலை அடர்த்தியாக இருக்க வேண்டும். தோலில் ஒட்டும் குட்டிக் குழாய்களைச் சுட்டாலும் உடனே விலக்க மாட்டாமல் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள், கொப்புளம் மிச்சம். தேவையில்லை. உண்மையில் அவசியமானது அணைப்பான், அதாவது குச்சி சரியாக நுழையும் குறுகிய உலோகக் குழல். அது இல்லையென்றால் மணல் நிரம்பிய டம்ளரில் நுனியை 3 செ.மீ. ஆழத்துக்குச் செருகுங்கள். தண்ணீரில் முக்கினால் குச்சி கெடும். சாம்பல் தொட்டியில் நசுக்கினால் உள்ளே தணல் உயிரோடு இருக்கும், குப்பைக் கூடையில் பிறகு புகையும். புகையில்லா குச்சியின் நடுவில் சூடு இன்னும் நேரம் தங்கும். அரை மணி கழித்து எடுத்து, நுனி முழுக்கக் கறுத்திருக்கிறதா என்று பார்த்த பின்பே பெட்டியில் வைக்க வேண்டும்.

பஞ்சு ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய குச்சி பற்றாது, பற்றினாலும் புகையைக் கக்கி ஒரு பக்கமாக எரிந்து அணையும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒரு வெயில் காட்டுங்கள். காகிதத்தில் பூஞ்சணப் புள்ளி கண்டால் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம், எறிந்துவிடுங்கள். பஞ்சுக்குள் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, எரித்தால் அதுவும் சேர்ந்து மூச்சில் போகும்.