திருச்செந்தூரில் டிஷ் திருப்பிய இரவு

கேரவன் வாடகைக்குப் பேசும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வண்டியில டிஷ் இருக்கா? சேனல் வருமா?" போனில் பேசியவர் மூன்று தடவையும் "எல்லாம் இருக்கு சார்" என்றார். நம்பி அட்வான்ஸ் போட்டேன்.

தொண்டியில் வீட்டு வாசலுக்கு வண்டி வந்ததும் முதல் வேலையாகப் பின்பக்க ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தேன். டிஷ் மாட்டும் இரும்புத் தாங்கி மட்டும் துருவேறிக் கிடந்தது. அதிலிருந்து தொங்கிய கேபிளைக் கத்தி வைத்து அறுத்திருந்தார்கள், செம்புக் கம்பி பச்சை பூத்துப் போயிருந்தது. உள்ளே 32 அங்குல டிவி இருந்தது உண்மை. "பென் டிரைவ்ல படம் போட்டுக்கலாம் சார், எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க" என்றார் டிரைவர். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்வதில் என்ன கஷ்டம்? இருபது வருஷமாகப் பர்மிங்ஹாமில் இருக்கிறேன். அங்கே வாடகைக்கு எடுக்கும் வண்டியில் ஒரு ஸ்பூன் குறைந்தாலும் முதலிலேயே எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஊருக்கு வந்தால் எனக்குப் பொறுமை போவது இந்த "எல்லாம் இருக்கு சார்" என்ற ஒரு வாக்கியத்தில்தான்.

அப்பாவுக்கு 79 வயது. முழங்கால் அறுவைக்குப் பிறகு ரயில், பஸ் எதுவும் ஆகாது. படுத்தபடி வர வேண்டும், கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். திருச்செந்தூர், கன்னியாகுமரி பார்க்க வேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் கேரவன். அவர் கேட்டது இரண்டே விஷயம்: சாயங்காலம் பொதிகை நியூஸ், வழியில் ஒரு நாள் வரும் இந்தியா டி20 மேட்ச். பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது. அப்பாவுக்கு அது இன்னும் பொதிகைதான். ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலத்து மனுஷர், அரசாங்கம் சொல்லும் செய்திதான் அவருக்குச் செய்தி.

வீட்டில் ஒரு தனியார் டிடிஹெச் இருக்கிறது. மாதாமாதம் நான்தான் பர்மிங்ஹாமிலிருந்து ரீசார்ஜ் செய்கிறேன். அந்தப் பெட்டியைக் கழற்றி வண்டியில் வைத்துக்கொள்ளலாம், டிஷ்ஷை மட்டும் ஆள் அனுப்பி மாட்டித் தாருங்கள் என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, ரீசார்ஜுக்கு இரண்டை அழுத்தி, பாட்டுக் கேட்டு, பதினெட்டு நிமிஷம் கழித்து ஒரு பெண் குரல் வந்தது. "எந்த முகவரியில் பொருத்த வேண்டும் சார்?" வண்டி என்றேன். "வண்டியோட முகவரி சொல்லுங்க சார்." நகரும் வண்டிக்கு முகவரி ஏது? வீட்டு வாசலில்தான் நிற்கிறது, வீட்டு முகவரியையே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அந்த முகவரியில் ஏற்கெனவே டிஷ் இருப்பதாகக் கணினி காட்டுகிறதாம். இடமாற்றம் என்று பதிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆள் வருவாராம். நாங்கள் கிளம்புவது மறுநாள் காலை. அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர் கையில் எதுவுமில்லை. எனக்குத்தான் தொண்டை கட்டிப்போனது.

மொபைலில் பார்க்கலாமே என்று தம்பி சொன்னான். கோயில் ஊரில் கூட்டம் சேரும் நேரத்தில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது அவனுக்கும் தெரியும். தவிர, அப்பாவின் கண்ணுக்கு உள்ளங்கை அளவுத் திரையில் பந்து தெரியாது.

கடைசியில் இராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஃப்ரீ டிஷ் செட் வாங்கினேன். டிஷ், அதன் முன்னால் மாட்டிச் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி, பெட்டி, பத்து மீட்டர் கேபிள், தரையில் நிற்க ஒரு ஸ்டாண்ட், எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை இது, மாதக் கட்டணம் கிடையாது. இன்னொன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. இந்தியா ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களைத் தனியார் சேனல்கள், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் போட்டார்கள். அப்படிப் பகிரும் ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் வீட்டில் பணம் கட்டும் பெட்டியில் டிடி ஸ்போர்ட்ஸைப் போட்டால் மேட்ச் நேரத்தில் வேறு ஏதோ ஓடுகிறது, காசில்லாத டிஷ்ஷில் மேட்ச் ஓடுகிறது. பிரிட்டனில் 2005-ல் ஆஸ்திரேலியாவோடு ஆடிய ஆஷஸ் தொடரோடு உள்ளூர் டெஸ்ட் கிரிக்கெட் இலவச டிவியிலிருந்து நேரடி ஒளிபரப்பாக வருவது நின்றுபோனது. அன்றிலிருந்து கட்டணச் சேனல்தான். இந்த ஒரு விஷயத்தில் ஊரைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது.

டிஷ் திருப்புவது என் கைக்குப் பழகிய வேலை. அங்கே எங்களிடம் ஒரு பழைய மோட்டார்ஹோம் இருக்கிறது. கோடையில் வேல்ஸ், ஸ்காட்லாந்து என்று போவோம். போன இடத்தில் முதலில் பார்ப்பது தென்கிழக்கில் மரம் மறைக்கிறதா என்றுதான். அங்கே நமக்கு வேண்டிய செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 28.2 டிகிரியில் இருக்கின்றன. பர்மிங்ஹாமிலிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 24 டிகிரி உயரம்தான், வடக்கே இன்வெர்னஸ் போனால் 19-க்கு இறங்கிவிடும். ஒரு பைன் மரம் போதும் படத்தை மறைக்க. அந்த நம்பிக்கையில் என் சிக்னல் மீட்டரையும் காம்பஸையும் பெட்டியில் கொண்டு வந்திருந்தேன்.

திருச்செந்தூரில் ஒரு லாட்ஜுக்குப் பின்னாலிருந்த மணல் மைதானத்தில் வண்டியை நிறுத்தினோம். கார்த்திகைக் கடைசி, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேட்ச் ஏழு மணிக்கு. ஐந்தரைக்கு ஸ்டாண்டை ஊன்றினேன். வண்டியின் இரும்பு காம்பஸ் முள்ளை இழுக்கும் என்பதால் பத்தடி தள்ளிப் போய்த் திசை பார்த்தேன். ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரி. திருச்செந்தூரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. தலையை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம். பர்மிங்ஹாமில் டிஷ் ஏறத்தாழச் சுவர் போல நேராக நிற்கும். இங்கே பாதி மல்லாந்து, சுவரில் சாய்த்து வைத்த முறம் மாதிரி இருக்கிறது. மழைத்துளி நேராக அதன் முகத்தில் விழுகிறது.

வலது, இடது, மேல், கீழ் என்று மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தினேன். உள்ளே அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"தெரியுதாம்மா?"

"ஸ்ட்ரெங்த் எண்பது. குவாலிட்டி சைபர் தம்பி."

"இப்ப?"

"பன்னெண்டு... பதினஞ்சு... ஐயோ, போயிருச்சு."

இந்தக் குரல்களை நான் முப்பத்தைந்து வருஷம் முன்பு கேட்டிருக்கிறேன். எண்பதுகளில் தொண்டியில் ஆன்டெனாக்கள் எல்லாம் இலங்கையைப் பார்த்துத்தான் நிற்கும். 1982-ல் ரூபவாஹினி வந்த பிறகு எங்களுக்கு டிவி என்றால் அதுதான், சிங்களம் புரியாவிட்டாலும் பார்ப்போம். அப்பா மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் நடுப்படியில், அம்மா டிவி முன்னால். மூவரும் கத்துவோம். கடல் காற்றடித்தால் படம் புள்ளி புள்ளியாகப் போய்விடும். பிறகு கொடைக்கானல் நிலையம் வந்ததும் ஆன்டெனாவை மேற்கே திருப்பினோம். அன்று குழாயைப் பிடித்திருந்தவர் இப்போது கேரவன் கட்டிலில் சாய்ந்தபடி, ஒன்றும் சொல்லாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தாங்கவில்லை.

ஏழு மணி ஆயிற்று, டாஸ் எல்லாம் முடிந்திருக்கும். வாசல் டீக்கடையில் போய்ப் புலம்பினேன். டீ மாஸ்டர் யாருக்கோ ஒரு போன் போட்டார். கால் மணி நேரத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும், மழைக்குத் தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். மீட்டர் கிடையாது, காம்பஸ் கிடையாது. இடுப்பில் இரண்டு ஸ்பேனர், வாயில் ஒரு சின்ன டார்ச்.

டிஷ்ஷை அவர் தொடவே இல்லை. ஸ்டாண்டின் குழாயைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சட்டைப் பையிலிருந்து நூல் எடுத்தார், அதன் நுனியில் ஒரு நட்டு கட்டியிருந்தது. கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போலக் குழாயின் ஓரமாகத் தொங்கவிட்டு டார்ச் அடித்தார். மேலே நூல் குழாயை ஒட்டி இருந்தது, கீழே ஒரு விரல் தள்ளி நின்றது.

"கம்பியே சாஞ்சுல்லா நிக்கி அண்ணாச்சி. மணல்ல ஒரு கால் இறங்கிட்டு. கம்பி சாஞ்சா டிஷ்ஷ எப்பிடித் திருப்புனாலும் நிக்காது."

காலுக்கடியில் உடைந்த ஓட்டுச்சில்லு வைத்து நிமிர்த்தினார். ஸ்டாண்டின் நடுவில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு சந்து முனைக்குப் போய் அந்த வரிசையில் இருந்த மொட்டை மாடிகளை அண்ணாந்து பார்த்தார். எந்த வீட்டு டிஷ் எந்தச் செயற்கைக்கோளைப் பார்க்கிறது என்பது அவருக்கு மனப்பாடம், பாதிக்கு மேல் அவரே மாட்டியவை. திரும்பி வந்து டிஷ்ஷைக் கையகலம் நகர்த்தினார். "எவ்வளவு அம்மா?" "இருபத்தி ரெண்டு" என்றார் அம்மா.

அப்புறம்தான் எல்என்பி பக்கம் வந்தார். நான் அதை பர்மிங்ஹாம் பழக்கத்தில் கொஞ்சமாகச் சாய்த்து இறுக்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார்.

"இது யாரு இப்பிடி வச்சது?"

"நான்தான். அங்க இப்படித்தான் வைப்போம்."

"அங்க எப்பிடியோ, இங்க இது நல்லாப் படுக்கணும் அண்ணாச்சி."

திருகாணியைத் தளர்த்தி, ரேடியோவில் ஸ்டேஷன் தேடும் மாதிரி மெதுவாகத் திருப்பினார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "முப்பது... நாப்பத்தஞ்சு... அறுபத்தியெட்டு! வந்துருச்சு! வந்துருச்சு தம்பி!"

இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை ஒரு தளத்தில் அதிர்ந்து வருகிறது, எல்என்பி அதே சாய்வில் இருந்தால்தான் முழுதாகப் பிடிக்கும். பூமத்தியரேகையை நெருங்க நெருங்க, நமக்கு நேர் தெற்கே இல்லாத கோளுக்கு இந்தச் சாய்வு கூடிக்கொண்டே போகும். பர்மிங்ஹாமில் 28.2 டிகிரிக் கோளுக்கு ஏறக்குறைய 20 டிகிரி வருகிறது, திருச்செந்தூரில் ஜிசாட்-15-க்கு 60 வருகிறது. இவ்வளவு வருஷம் டிஷ் திருப்பியும் எனக்கு இது தோன்றவில்லை. ஏனென்றால் நான் திருப்பியதெல்லாம் ஒரே நாட்டு வானத்தில். அந்த மனிதர் வாய்பாடு எதுவும் சொல்லவில்லை. திருப்பிக் காட்டினார்.

மேட்ச் பதினோராவது ஓவரில் இருந்தது. அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு, "உக்காருங்க தம்பி, ரெண்டு ஓவர் பாத்துட்டுப் போங்க" என்றார். ஈரக் காலோடு ஏறத் தயங்கிப் படியிலேயே உட்கார்ந்து டீ குடித்தார். டீ முடிந்ததும் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "12 வோல்ட் பின் இருக்கே ஐயா, வண்டி பேட்டரில நேராவே குடுக்கலாம், இன்வெர்ட்டருக்கு டிவி மட்டும் போதும்" என்று அதையும் மாற்றிக் கொடுத்தார். போகும் முன் அம்மாவிடம் நகப்பூச்சு இருக்கிறதா என்று கேட்டார். டிஷ்ஷின் தாங்கியில் ஒரு கோடு, எல்என்பி கழுத்தில் ஒரு கோடு, இரண்டும் சிவப்பில். "கன்னியாகுமரியிலயும் இதே கோடுதான். நீங்க கம்பிய நேரா நிறுத்திட்டுப் பக்கவாட்டுல மட்டும் திருப்புங்க." எல்என்பி மேல் ஒரு பால் கவரைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டார், மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க. முந்நூறு ரூபாய் கேட்டார். பர்மிங்ஹாமில் ஒருவர் வந்து டிஷ் பார்க்க 80 பவுண்ட் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஒன்பது நாள் காத்திருந்து.

அவர் சொன்னது சரியாக இருந்தது. கன்னியாகுமரியிலும் உயரம் 69 டிகிரிதான், மறுநாள் பத்து நிமிஷத்தில் படம் வந்துவிட்டது. நூலில் நட்டு கட்டி நானும் ஒன்று செய்துகொண்டேன். அது இப்போது பர்மிங்ஹாமில் எங்கள் மோட்டார்ஹோம் டிராயரில் இருக்கிறது.

கேரவன்காரர்களிடம் டிஷ் இல்லாததற்குப் பணம் குறைக்கக் கேட்டேன். "ஆபீஸ்ல சொல்றோம் சார்" என்றார்கள். இந்த வரியை எழுதும்வரை ஒன்றும் வரவில்லை. வாடகைக்கு எடுப்பவர்கள் தயவுசெய்து கூரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பிறகு அட்வான்ஸ் போடுங்கள்.

டிஷ்ஷைத் திரும்பி வரும்போது தொண்டியில் இறக்கி, மாடியில் பழைய ஆன்டெனாக் குழாய் நின்ற அதே சிமெண்ட் குழியில் நட்டு வைத்தேன். தென்கிழக்கு, அன்று ரூபவாஹினிக்குத் திருப்பிய பக்கம். எல்என்பியை மட்டும் கொஞ்சம் நிமிர்த்த வேண்டியிருந்தது. நேற்று அம்மா போன் செய்தார். அப்பா நியூஸ் பார்க்கிறாராம், ஆனால் காக்கா உட்கார்ந்து பால் கவரைக் கிழித்துவிட்டதாம், மழை வந்தால் குவாலிட்டி இறங்குகிறதாம். தம்பியை ஏறச் சொல்லியிருக்கிறேன்.