உருகிய உப்பில் சூரிய வெப்பம்: சிறு மின்நிலையத்துக்கு ஏற்ற சரக்கா?

எடையில் 60 விழுக்காடு சோடியம் நைட்ரேட்டும், வெடியுப்பு என்று நாம் அறிந்த பொட்டாசியம் நைட்ரேட் 40 விழுக்காடும் சேர்ந்த கலவையே ‘சோலார் சால்ட்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. பகல் வெயிலின் வெப்பத்தை இரவு மின்சாரத்துக்காகச் சேமித்துவைக்கப் பெரிய சூரிய அனல்மின் நிலையங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு பண்ணைக்கோ சிற்றூருக்கோ சில நூறு கிலோவாட் அளவில் நிலையம் அமைக்க நினைப்பவர் இதை நம்பி இறங்கலாமா என்பதே இம்மதிப்புரையின் கேள்வி.

பொருளின் தரத்தில் குறை காண இடமில்லை. 290 முதல் 565 டிகிரி செல்சியஸ் வரை அது நீர்மமாகவே இருப்பதால், அழுத்தம் தாங்கும் கலன் தேவையில்லை. எஃகுத் தொட்டிக்கு நல்ல வெப்பக்காப்பு இட்டால் போதும்; ஆனால் 565 டிகிரி உப்பைத் தாங்கும் தொட்டி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். தானாகத் தீப்பற்றாது, ஆனால் பிற பொருள் எரிவதை ஊக்குவிக்கும் என்பதால் எண்ணெயும் மரமும் அதன் அருகில் இருக்கக் கூடாது. ஸ்பெயினின் செவில் மாகாணத்தில் 2011 முதல் இயங்கும் ஹெமசோலார் நிலையம் இந்த உப்பின் திறனுக்கு மிகச் சிறந்த சான்று. 2,650 கண்ணாடிகள் ஒளியைக் குவிக்கும் 140 மீட்டர் கோபுரத்தில் உப்பு சூடேறி வெந்தொட்டிக்குள் இறங்குகிறது. அங்கிருந்து நீராவி ஆக்கியின் வழியே சென்று, வெப்பத்தை இழந்து தண்தொட்டியை அடைகிறது. 15 மணிநேரச் சேமிப்பு இருப்பதால், மேகம் மறைத்தாலும் 19.9 மெகாவாட் டர்பைன் தடுமாறுவதில்லை. சூரிய மின்சாரத்தில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது.

இதையே சிறிதாக்கும்போதுதான் கணக்கு இடிக்கிறது. ஒரு டன் உப்பு 290 டிகிரிக்கும் 565 டிகிரிக்கும் இடையே ஏறத்தாழ 115 கிலோவாட் மணி வெப்பத்தைத் தாங்கும். நாற்பது விழுக்காடு திறனுள்ள பெரிய டர்பைன் அதிலிருந்து 46 யூனிட் எடுக்கும். பதினைந்து விழுக்காட்டில் ஓடும் சிறு இயந்திரத்துக்குக் கிடைப்பது 17 யூனிட்தான். வெப்ப இழப்பும் சிறிய நிலையங்களுக்கு எதிராகவே நிற்கிறது: தொட்டியின் நீள அகல உயரங்களைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிட, மேற்பரப்போ நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது, அதே வெப்பக்காப்பு இருந்தால், ஒவ்வொரு டன்னும் பத்து மடங்கு விரைவாக வெப்பத்தை இழக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, உப்பு உறைவதுதான். ஏறத்தாழ 240 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அது கட்டியாகத் தொடங்கும். ஆகவே குழாய், வால்வு, பம்ப் அனைத்திலும் மின்சூடேற்றிக் கம்பி சுற்றியிருக்க வேண்டும். கலிபோர்னியாவின் பார்ஸ்டோ அருகே 1996 முதல் 1999 வரை இயங்கிய 10 மெகாவாட் சோலார் டூ நிலையத்தையே இந்தச் சூடேற்றும் கம்பிகள் தொடக்கத்தில் தொல்லைப்படுத்தின. சிசிலியில் 2010இல் தொடங்கிய 5 மெகாவாட் ஆர்க்கிமிடே நிலையமோ நீண்டு வளைந்த கண்ணாடிகளின் குவியத்தில் செல்லும் குழாய்களிலேயே உப்பை ஓட்டியது. துணிச்சலான முயற்சிதான், ஆனால் கிலோமீட்டர் கணக்கான குழாயை இரவெல்லாம் உறையாமல் காக்கும் வேலை அதனோடு சேர்ந்தே வந்தது. 142 டிகிரியில் உருகும் ‘ஹைடெக்’ கலவை இந்தச் சிக்கலைத் தணிக்கும்; எனினும் அதிலுள்ள நைட்ரைட் மிகு வெப்பத்தில் காற்றுபட்டுக் கெடுவதால், நைட்ரஜன் போர்வை தேவைப்படும்.

ராஜஸ்தானின் அபு ரோட்டில் உள்ள 1 மெகாவாட் ‘இந்தியா ஒன்’ நிலையம் தேர்ந்த வழி எனக்கு அறிவார்ந்ததாகப் படுகிறது. அங்கே 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 குவியாடிகள் உள்ளன. ஒவ்வொன்றின் குவியத்திலும் இருக்கும் வார்ப்பிரும்பே வெப்பத்தைத் தாங்கிக்கொள்கிறது. இரும்பை பம்ப் செய்ய வேண்டியதில்லை; அது உறைந்து குழாயை அடைக்கப்போவதும் இல்லை.

எனவே சில நூறு கிலோவாட் மின்சாரத்துக்காக மட்டும் இந்த உப்பை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அளவுக்குச் சோலார் பேனலும் பேட்டரியுமே எளிது. சாயப்பட்டறை, உணவு பதப்படுத்தும் ஆலை போன்று நீராவியே நேரடியாகத் தேவைப்படும் இடங்களில், டர்பைனில் நேரும் இழப்பு இல்லாமற்போவதால், இதைப் பரிசீலிக்கலாம். அப்போதும் விற்பனையாளரிடம் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: நிரம்பிய தொட்டி ஓர் இரவில் எத்தனை டிகிரி இறங்கும், சூடேற்றிக் கம்பிகள் மாதம் எத்தனை யூனிட் எடுக்கும், வால்வில் உப்பு உறைந்தால் எத்தனை மணிநேரத்தில் ஆள் வருவார். இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.