மூட்டு வலிக்காரருக்கு உருளைக்கிழங்கா, லீக்ஸா?

நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பளை, ராகலைப் பக்கம் ஒரே தோட்டத்தில் ஒரு போகம் உருளைக்கிழங்கு போடுவார்கள், அடுத்த போகம் வெங்காய இனமான லீக்ஸ் நடுவார்கள். மண் ஒன்று, பனி ஒன்று. ஆனால் முழங்கால் வலிக்காரர் இருக்கிற வீட்டில் கிழங்குக்கு மட்டும் தடை. "கிழங்கு வாயு, தொடாதீங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் தக்காளியும் கத்தரிக்காயும் கூடாது என்று கைபேசியில் ஒரு வீடியோ வரும். இப்படியே போனால், முப்பது வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய ஓர் அம்மாவுக்குச் சோற்றோடு மிஞ்சுவது பருப்பும் சம்பலும்தான். சம்பலில் இருக்கும் மிளகாயும் அந்தக் கிழங்கின் உறவுக்காரன் என்பதை வீடியோக்காரர் சொல்லாமல் விட்டிருப்பார்.

காய்கறிகளை எதிரெதிரே வைப்பதற்கு முன், வலி எந்த வகை என்று பார்க்க வேண்டும். முழங்காலிலும் இடுப்பிலும் மெல்ல மெல்லக் கூடி, நடந்தால் வலித்து, உட்கார்ந்தால் ஆறுவது பெரும்பாலும் மூட்டுத் தேய்வு. காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் வீங்கி, மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய் அது. ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடியும்போது கால் பெருவிரல் சிவந்து கொதித்து, போர்வை பட்டாலே துடிக்கிறார் என்றால் யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். சாப்பாட்டோடு நேரடிச் சம்பந்தம் அதிகம் உள்ளது கவுட்டுக்குத்தான். ஊரில் கொடுக்கிற ஆலோசனையோ மூன்றுக்கும் ஒன்று.

கிழங்கும் லீக்ஸும்

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக்காய், மிளகாய், கறிமிளகாய் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இந்தக் குடும்பம் முழுவதும் மூட்டுக்கு ஆகாது என்ற பேச்சை 1970களில் பெரிதாகப் பரப்பியவர் நார்மன் சில்டர்ஸ் என்ற அமெரிக்கத் தோட்டக்கலைப் பேராசிரியர். அவர் முக்கியமாக நம்பியது, இந்தக் காய்களை விட்ட பிறகு வலி குறைந்ததாக ஆட்கள் தாங்களே சொன்னதை. ஒரு கூட்டத்துக்குக் கொடுத்து, இன்னொரு கூட்டத்துக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டு நிரூபித்த சங்கதி அல்ல அது. அதன் பிறகும் அப்படி உறுதியான ஆதாரம் எதுவும் வந்து சேரவில்லை.

குற்றச்சாட்டு விழுவது சோலனின் என்ற பொருளின் மேல். உருளைக்கிழங்கில் அது இருப்பது உண்மைதான். ஆனால் நல்ல கிழங்கின் சதையில் மிகக் கொஞ்சம். கூடுவது பச்சையாகிப் போன தோலிலும் முளையிலும். கடை வாசலில் வெயில் படுகிற மாதிரி கொட்டி வைத்த கிழங்கை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், தோலுக்கு அடியில் இளம்பச்சை தெரியும். பச்சை நிறம் தானாகக் கெடுதல் செய்யாது. ஆனால் வெளிச்சம் பட்டிருக்கிறது, சோலனினும் கூடியிருக்கும் என்பதற்கு அது அடையாளம். அவித்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், பெரும்பகுதி போகாது. கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியுங்கள், கிழங்கு முழுக்கப் பச்சை என்றால் கிழங்கையே எறியுங்கள். அளவு மிஞ்சினால் வருவது வயிற்று வலி, வாந்தி, தலைவலி. மூட்டு வீக்கம் அந்தப் பட்டியலில் இல்லை.

எதிர்த் தரப்பில் நிற்கிற லீக்ஸுக்கு நம் ஊரில் வக்கீலே கிடையாது. 2010இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட இரட்டைப் பிறவிப் பெண்களின் சாப்பாட்டையும் மூட்டு எக்ஸ்ரேயையும் வைத்துப் பார்த்தார்கள். வெங்காயம், பூண்டு, லீக்ஸ் இவற்றை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பு மூட்டுத் தேய்வு குறைவாக இருந்தது. பூண்டில் உள்ள ஒரு கந்தகப் பொருள், குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளை ஆய்வுகூடத்தில் மட்டுப்படுத்தியதையும் கண்டார்கள். இதனால் லீக்ஸ் மருந்தாகிவிடாது. லீக்ஸ் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயத்திலும் கவனமாக இருந்திருக்கலாம், முழங்காலில் இதே தொடர்பு தெளிவாகவும் தெரியவில்லை.

இருந்தாலும் என் தீர்ப்பு லீக்ஸ் பக்கம்தான். சோலனினுக்காக அல்ல, சோற்றுக்காக. நம் வீடுகளில் உருளைக்கிழங்கு சோற்றுக்குப் பதிலாக வருவதில்லை, சோற்றுக்கு மேல் வருகிறது. காலையில் ரொட்டிக்கும் கிழங்குக் கறி, மத்தியானம் சோற்றுக்கும் அதே கறி. மாவின் மேல் மாவு. எடை கூடினால் முழங்கால் அதைச் சுமக்கிறது: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணக்குக் காட்டியது. லயத்திலிருந்து கொழுந்து மலைக்கு ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். லீக்ஸை மெல்லிசாக அரிந்து, கடுகும் செத்தல் மிளகாயும் மஞ்சளும் போட்டுத் தாளித்தால் தட்டில் பாதி இடத்தை அது பிடித்துக்கொள்ளும், சோறு தானாகக் குறையும். அடுக்குக்குள் மண் ஒளிந்திருக்கும், நெடுக்காகப் பிளந்து கழுவ வேண்டும். பச்சைப் பகுதியை வீசாதீர்கள். கிழங்கு வேண்டுமென்றால் சமைக்கிற அன்று ஒரு பிடி சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மிளகாய் பற்றி ஒரு வார்த்தை. தடை செய்யப்பட்ட அந்தக் குடும்பத்தின் காரப் பொருளான கேப்சைசின் கலந்த களிம்பைத்தான் முழங்கால் வலிக்குப் பூசச் சொல்கிறார்கள். அதற்காக மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

தக்காளியும் டின்மீனும்

கவுட் உள்ளவர்கள் தக்காளியைக் குறை சொல்வதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 2,051 கவுட் நோயாளிகளிடம் விசாரித்தார்கள். ஏதோ ஒரு சாப்பாடு வலியைக் கிளப்புகிறது என்று சொன்னவர்களில் ஐந்தில் ஒருவர் தக்காளியைச் சொன்னார். தக்காளி அதிகம் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் யூரிக் அமிலம் சற்றுக் கூடுதலாக இருந்ததும் வேறு தரவுகளில் தெரிந்தது. தொடர்பு சிறியதுதான், ஆனால் இருக்கிறது.

ஆனால் நம் சட்டிக்குள் பாருங்கள். தக்காளி யாரோடு வேகிறது? டின்மீனோடு. உருளைக்கிழங்கு யாரோடு? நெத்தலிக் கருவாட்டோடு. சம்பள நாள் என்றால் பக்கத்தில் ஒரு போத்தலும் இருக்கும். நெத்தலியிலும் டின்மீனிலும் யூரிக் அமிலமாக மாறுகிற பியூரின் நிறைய. பியரும் சாராயமும் அந்த அமிலத்தை மேலும் ஏற்றும். மறுநாள் பெருவிரல் வீங்கியதும், "நேத்து தக்காளி போட்டாங்க" என்று தக்காளியைப் பிடித்துக்கொள்கிறோம்! மீனை விட்டுவிட்டு மிச்சத்தைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

பருப்பு, காளான், கீரை, கோலிஃபிளவர் பாடும் இதுதான். இவற்றிலும் பியூரின் உண்டு என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். 47,150 ஆண்களை 12 வருடம் தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2004இல் வெளியானது. இறைச்சியும் கடலுணவும் கவுட்டைக் கூட்டின, பால் பொருட்கள் குறைத்தன, பியூரின் உள்ள காய்கறிகள் கூட்டவில்லை. ஆகவே கவுட்காரர் முதலில் விட வேண்டியது போத்தலும் நெத்தலியும். தக்காளி மூன்றாவது சந்தேக நபர்.

கோவா: தட்டிலா, முட்டியிலா?

கோவா (முட்டைக்கோஸ்) இலையை முழங்காலில் சுற்றிக் கட்டுவதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு: ஜெர்மனியில் முழங்கால் தேய்வு உள்ள 81 பேரை மூன்று குழுவாகப் பிரித்து நான்கு வாரம் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குக் கோவா இலைக் கட்டு, ஒரு குழுவுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரண ஜெல், ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. வழக்கமான கவனிப்பைவிட இலைக் கட்டு வலியைக் குறைத்தது. ஜெல்லை அது வெல்லவில்லை. சிறிய ஆய்வு, காலில் இலை கட்டியிருப்பது கட்டியவருக்கே தெரியும் என்பதால் மனதின் பங்கும் இருக்கும். ஆனாலும் வெளி இலைகளைக் கடைக்காரர் எப்படியும் உரித்து வீசுகிறார். நடு நரம்பைச் சீவி, போத்தலை உருட்டி நசுக்கி, துணியால் கட்டிப் பார்ப்பதில் நட்டமில்லை. பூச்சிமருந்து தெளித்த இலை என்பதால் நன்றாகக் கழுவுங்கள். தோல் அரித்தால் கழற்றிவிடுங்கள்.

சாப்பிடுகிற கோவாவுக்கு இப்படி ஒரு சாட்சி இல்லை. பச்சைப் பூக்கோவா இனமான புரொக்கோலியில் இருந்து வரும் சல்ஃபோராஃபேன் என்ற பொருள் எலிகளின் மூட்டைக் காத்ததாக 2013இல் செய்தி வந்தது. எலிக்கு நல்லது.

உங்கள் உடம்பு வேறு கதை சொன்னால்

தக்காளியோ கத்தரிக்காயோ தனக்கு நிச்சயம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறவரோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒழுங்காகச் சோதித்துப் பாருங்கள். சந்தேகப்படுகிற காயை மூன்று வாரம் விடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். விடுவதென்றால் மணத்தக்காளிக் கீரை, சுண்டங்காய், மரத்தக்காளி எல்லாம் அதே குடும்பம் என்பதால் அவற்றையும் விட வேண்டும். வத்தாளைக்கிழங்கு வேறு குடும்பம், மிளகும் வேறு. நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுகிற ஜனவரியில் விட்டு, வெயில் வந்த மார்ச்சில் கால் லேசானதை வைத்துத் தக்காளிக்குத் தண்டனை கொடுக்காதீர்கள். முடக்குவாதம் என்றால் கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தச் சோதனையில் இறங்கவே கூடாது. அந்த நோயில் பிந்துகிற ஒவ்வொரு மாதமும் மூட்டைக் கோணலாக்கலாம். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கீரைகளில் முடக்கத்தானுக்குப் பெயர் இருக்கிறது, தோசையாகவும் ரசமாகவும் நன்றாகவே இருக்கும். மருந்தாக எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குப் பாட்டிமார் சொல்தான் பெரிய சாட்சி. சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குடிப்பவர்கள் மட்டும் கீரையையும் கோவாவையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அவற்றில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையை மாற்றிவிடும். அடுத்த முறை கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகும்போது, வாரத்தில் எத்தனை நாள் கீரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.