சோலார் பேனல் கணக்கு: எளிய வாய்பாடு போதுமா, டயோடு மாதிரி வேண்டுமா?

பேனல் எவ்வளவு தரும் என்று கணிக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. வெயிலையும் வெப்பநிலையையும் போட்டு நேராக வாட் எடுப்பது ஒன்று. செல்லை ஒரு மின்சுற்றாகவே எழுதி, அதன் மின்னோட்ட-மின்னழுத்த வளைவை வரைவது மற்றொன்று, இதுதான் டயோடு மாதிரி. ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும் என்பது மட்டுமே கேள்வியென்றால் முதல் வழி போதும். மின்னழுத்தம் கணக்கில் நுழைந்துவிட்டால் அது கைவிட்டுவிடும்.

எளிய வழியில் முதலில் செல்லின் வெப்பநிலை வேண்டும். தரவுத்தாளில் உள்ள என்.ஓ.சி.டி. (800 வாட் வெயிலில், 20 டிகிரி காற்றில் செல் எட்டும் வெப்பநிலை) எண்ணிலிருந்து 20-ஐக் கழித்து, 800-ஆல் வகுத்து, சதுர மீட்டருக்கு விழும் வெயிலின் வாட்டால் பெருக்கி, காற்றின் வெப்பநிலையைக் கூட்டுங்கள். எண் 45, காற்று 35 டிகிரி, வெயில் 900 வாட் என்றால் செல் சுமார் 63 டிகிரியில் இருக்கும். 25-க்கு மேல் 38 டிகிரி, டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் திறனில் 13 சதவீதத்துக்குச் சற்று மேல் போய்விடும். பேனலின் வாட் எண் 1000 வாட் வெயிலுக்கானது என்பதால் அதை 0.9-ஆலும் பெருக்க, 400 வாட் பேனல் 312 வாட் தரும். தூசி, வயர் போன்றவற்றுக்கு 14 சதவீதம் கழித்தால் 268. இன்வெர்ட்டர் இழப்பு தனி.

டயோடு மாதிரிக்கு ஐந்து எண்கள் தேவை: ஒளி மின்னோட்டம், டயோடின் செறிவு மின்னோட்டம் (இருட்டில் பின்னோக்கிக் கசியும் சிறு மின்னோட்டம்), தொடர் மின்தடை, இணை மின்தடை, டயோடின் இலட்சியக் காரணி (அது இலட்சிய டயோடிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் எண்). தரவுத்தாள் இவற்றை நேரடியாகத் தராது. குறுக்குச்சுற்று, திறந்தசுற்று, உச்சத்திறன் ஆகிய மூன்று புள்ளிகளோடு, உச்சத்தில் திறன் வளைவின் சாய்வு சுழி என்பதையும், மின்னழுத்தத்தின் வெப்பக் குணகத்தையும் சேர்த்து நியூட்டன்-ராப்சன் முறையில் (ஊகத்தில் தொடங்கி படிப்படியாக விடையை நெருங்குவது) தீர்க்க வேண்டும். விடை தறிகெட்டு ஓடினால் பெரும்பாலும் கெல்வினுக்குப் பதில் செல்சியஸ் போட்டிருப்பீர்கள், அல்லது தொடரில் உள்ள செல்களின் எண்ணிக்கையால் பெருக்க மறந்திருப்பீர்கள்.

இந்த உழைப்பு எங்கே பலன் தரும்? 12 வோல்ட் பேட்டரியில்தான் முதலில். 36 செல் கொண்ட 100 வாட் பேனலின் உச்சப்புள்ளி 18 வோல்ட் அருகே. பேனலைப் பேட்டரியோடு நேராக இணைத்து விட்டுவிட்டுச் சார்ஜ் செய்யும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், 5.7 ஆம்பியர் ஓடினால் கிடைப்பது 74 வாட்தான். எளிய வாய்பாடு 100 என்றே சொல்லும். பேனலை அதன் உச்சப்புள்ளியிலேயே இயக்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் மீதியையும் பெரும்பாலும் எடுத்துவிடும், ஆனால் செல் 63 டிகிரிக்குப் போனால் பேனலின் உச்சமே 85 வாட் அளவுக்கு இறங்கி, இரண்டுக்குமான இடைவெளி பாதிக்குமேல் சுருங்கிவிடும். விளம்பரங்கள் காட்டும் லாபம் குளிர்ந்த செல்லுக்கானது.

நிழலில் எளிய வாய்பாடு மொத்தமாகத் தோற்கிறது. 60 செல்லில் ஒன்றை முழுதாக மூடினால் அறுபதில் ஒரு பங்கு இழப்பு என்று அது சொல்லும். உண்மையில் மூன்றில் ஒரு பங்கு போகலாம், ஏனெனில் செல்கள் 20 கொண்ட மூன்று பிரிவுகளாக உள்ளன, நிழல் பட்ட பிரிவைச் சுற்றி மின்னோட்டத்தை அதன் பைபாஸ் டயோடு திருப்பிவிடும். பேனல் முழுவதற்கும் ஒரே டயோடு மாதிரி போட்டாலும் இது பிடிபடாது. 20 செல் பிரிவு ஒவ்வொன்றையும் தனியாக எழுதி, நிழல் பட்ட செல்லின் மின்னோட்டத்தை அந்தப் பிரிவின் எல்லையாக வைத்து, ஒரே மின்னோட்டத்தில் மூன்று பிரிவுகளின் மின்னழுத்தங்களையும் கூட்ட வேண்டும். பைபாஸ் டயோடு மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கிய பிரிவுக்கு மைனஸ் 0.5 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.