வெஜிடேல்ஸா, சூப்பர்புக்கா: பிள்ளைகளுக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?

குடும்ப ஜெபமும் ஞாயிறு பள்ளியும் இருந்தாலும், பல வீடுகளில் பிள்ளைகள் வேதக் கதைகளை முதலில் பார்ப்பது திரையில்தான். அதனால் எதைப் போட்டுக் காட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

வெஜிடேல்ஸ் 1993-ல் ஃபில் விஷரும் மைக் நவ்ராக்கியும் தொடங்கிய அமெரிக்க அனிமேஷன் தொடர். தக்காளியும் வெள்ளரிக்காயும் பேசும், பாடும். தாவீது வீழ்த்திய கோலியாத்தாக வருவதும் ஒரு ராட்சத வெள்ளரி ஊறுகாய்தான். நாலு வயதுப் பிள்ளையும் பயமில்லாமல் சிரித்துக்கொண்டே பார்க்கும். ஆனால் தாவீதின் கதைக்கு அவர்கள் வைத்த பாடம் தன்னம்பிக்கை. கடவுளின் துணையையும் சொல்கிறார்கள். என்றாலும் மனதில் தங்குவது 'சின்னப் பையனாலும் முடியும்' என்பதுதான். தாவீது ராஜா உரியாவின் மனைவி பத்சேபாளுக்கு ஆசைப்பட்ட கதையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். இவர்கள் படத்தில் ராஜா அடுத்தவனுடைய ரப்பர் வாத்துக்கு ஆசைப்படுகிறார். பாடம், சுயநலம் கூடாது. தாவீது உரியாவைக் கொல்ல வைத்ததை அந்த வயதில் காட்ட முடியாது, சரி. ஆனால் தாவீது 51-ம் சங்கீதத்தில் ஏன் அப்படி உடைந்து அழுதார் என்பதும் அதோடு காணாமல் போகிறது. கிறிஸ்தவத்தைக் கற்பிக்காமல், கிறிஸ்தவர்களைப் போல நடக்க மட்டும் பிள்ளைகளைத் தூண்டிவந்ததாக விஷரே பின்னாளில் வருந்திச் சொன்னார்.

சூப்பர்புக் வேறு வகை. சிபிஎன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தொலைக்காட்சி நிறுவனம் 1981-ல் ஜப்பானின் தட்சுனோகோ அனிமேஷன் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்தது. 2011-ல் முப்பரிமாண அனிமேஷனில் புதிதாக வந்தது. தமிழிலும் பார்க்கலாம். கிறிஸ், ஜாய், கிஸ்மோ என்ற ரோபோ மூவரும் வேதச் சம்பவத்துக்குள்ளேயே போய் இறங்குகிறார்கள். இங்கே கோலியாத் மனிதன், போர்க்களம் போர்க்களமாகவே இருக்கிறது. பார்த்த கையோடு 1 சாமுவேல் 17-ஐ வாசித்தால் "யுத்தம் கர்த்தருடையது" என்ற வரி பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். ஒரு குறை: கிறிஸின் அன்றாடப் பிரச்சினைக்குத் தீர்வாகக் கதையைப் பொருத்துவதால், இதிலும் சில நேரம் நீதிபோதனை தூக்கலாகிவிடுகிறது. சிலுவைக் காட்சியைச் சின்னப் பிள்ளைகள் தனியாகப் பார்க்க வேண்டாம்.

என் ஓட்டு, விஷர் 2010-ல் தொடங்கிய 'வாட்ஸ் இன் தி பைபிள்' தொடருக்கு. பொம்மைகளை வைத்து ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை 13 டிவிடிகள். வேதாகமம் எப்படி உருவானது, பாவம் என்றால் என்ன, இத்தனை கதைகளும் எப்படி இயேசுவிடம் வந்து சேர்கின்றன என்று பிள்ளைகள் நிஜமாகவே கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. நல்லவனாக இரு என்பதோடு நிற்காமல் மீட்பைப் பற்றிப் பேசுகிறது. ஆங்கிலம் வேகமாக ஓடும். எட்டு வயதுக்கு மேல்தான் சரிப்படும், அப்போதும் நடுநடுவே நிறுத்தி நாம் தமிழில் விளக்க வேண்டியிருக்கும்.

ஆறேழு வயதுக்கு நான் சூப்பர்புக்கைத்தான் சொல்வேன். அதைவிடச் சின்னவர்களுக்கு வெஜிடேல்ஸ் போதும். ஆனால் படம் முடிந்ததும் அந்தக் கதையை அப்பாவோ அம்மாவோ வேதத்திலிருந்தே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.